படம் முடிந்த பிறகு

(ஒரு திரைப்படச் சங்கத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சிகாகோ நமக்கு இரண்டு காரணங்களால் பழகிய ஊர். 1893இல் விவேகானந்தர் பேசியது அங்கே. எட்டு மணி நேர வேலை கேட்டுக் கிளம்பிய போராட்டத்தில், 1886இல், ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் இரத்தம் சிந்தியதும் அங்கே. மே தினக் கொடியேற்றும் எவரும் அந்தப் பெயரை மறக்கமாட்டார். நான் இன்று பேச வந்திருக்கும் படநிறுவனம் அந்த இரண்டாவது சிகாகோவைச் சேர்ந்தது. கார்டெம்குவின் ஃபிலிம்ஸ் என்று பெயர். 1966இல் தொடங்கினார்கள். ஹாலிவுட் பக்கமும் போகவில்லை, பணமும் தொலைக்காட்சி நிலையங்களும் குவிந்து கிடக்கும் நியூயார்க் பக்கமும் போகவில்லை. பிறந்த ஊரிலேயே இருந்து ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாக நின்று படமெடுக்கும் நிறுவனங்களின் ஆயுள் நமக்குத் தெரியும். முதல் படத்துக்கு நகையை அடகு வைப்பார்கள். இரண்டாவது படத்துக்கு வட்டிக்கு வாங்குவார்கள். மூன்றாவது படம் பூசையோடு நின்றுவிடும். அப்படியிருக்க, லாபத்துக்கே வழியில்லாத ஆவணப்படத்தை நம்பி ஒரு நிறுவனம் அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். நான் புரிந்துகொண்ட காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். படத்தொகுப்பு முடிந்து பிரதி கைக்கு வந்ததும் தங்கள் வேலை முடிந்தது என்று அவர்கள் எண்ணவில்லை. கேமராவுக்கு முன்னால் தன் வாழ்க்கையைத் திறந்து காட்டிய மனிதருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம், இந்தப் படத்தை யார் பார்க்க வேண்டும், பார்த்தபின் என்ன நடக்க வேண்டும் என்ற கேள்விகளைக் கணக்குப் புத்தகத்தைப் போலவே அன்றாடம் கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் படங்கள் எல்லாமே மகத்தானவை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கேள்விகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த விதம் மகத்தானது.

மூன்று இளைஞர்கள் தொடங்கினார்கள். ஸ்டான் கார்ட்டர், ஜெரி டெமனர், கார்டன் குவின். மூவர் பெயரிலிருந்தும் ஒவ்வொரு துண்டை எடுத்து ஒட்டினால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். சொல்லும்போது ஐசன்ஸ்டைனின் ‘பொட்டெம்கின்’ படத்தின் பெயர் காதில் விழ வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. கார்ட்டர் சீக்கிரமே விலகிவிட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் மாணவர் வட்டாரம்தான் இவர்களின் விளைநிலம். அந்தப் பல்கலைக்கழகத்தில் டாக் ஃபிலிம்ஸ் என்ற மாணவர் திரைப்படச் சங்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. திரைப்படச் சங்கத்தில் படம் பார்த்துப் பார்த்து, விவாதித்து, பிறகு தாங்களே கேமராவைத் தூக்கியவர்கள் இவர்கள். இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தச் செய்தி உற்சாகம் தரும் என்று நம்புகிறேன்.

அந்தக் காலத்தில்தான் தோளில் வைத்துப் படமெடுக்கும் 16 எம்.எம். கேமராவும், அதோடு இணைந்து ஒலியைப் பதியும் கைக்கடக்கமான ஒலிப்பதிவுக் கருவியும் புழக்கத்துக்கு வந்திருந்தன. விளக்கு வரிசை இல்லாமல், ‘இங்கே நில்லுங்கள், அங்கே பாருங்கள்’ என்று சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடியே எடுக்க முடிந்தது. கருவி வந்துவிட்டது, அதை எதற்குப் பயன்படுத்துவது? இங்கே ஒரு தத்துவவாதி உள்ளே வருகிறார். ஜான் டூயி. கொலம்பியாவில் அம்பேத்கருக்கு ஆசிரியராக இருந்த அதே டூயி, அதற்கு முன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்தாண்டு பணியாற்றியவர். மக்கள் ஒருவரையொருவர் அறிந்து, பொது வாழ்வைச் சேர்ந்து விசாரிப்பதுதான் ஜனநாயகம் என்ற அவருடைய எண்ணம் குவினையும் டெமனரையும் ஆழமாகப் பற்றியது. சமூகம் தன்னைத்தானே உற்றுப் பார்ப்பதற்குத் திரைப்படம் ஒரு கருவி ஆகலாம் என்று அவர்கள் நம்பினார்கள். இதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார்கள். 1975இல் வெளிவந்த காட்சி மானுடவியல் பற்றிய பெருந்தொகுப்பில் அது இடம்பெற்றது. அந்தத் தொகுப்பின் ஆசிரியர் பால் ஹாக்கிங்ஸ். நம் நீலகிரிப் படகர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த அதே ஹாக்கிங்ஸ்தான்.

முதல் படம் ‘ஹோம் ஃபார் லைஃப்’. சிகாகோவின் டிரெக்சல் முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் சேர்கிறார்கள். அவர்களுடைய முதல் மாதம்தான் படம். ஒருவர் மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லாதவர். இனித் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாது என்ற உண்மை அவருக்குத் திடீரென்று உறைக்கிறது. இன்னொருவர் மகனும் மருமகளும் இருக்கும் வீட்டில் வாழ்ந்த அம்மா. அந்த வீட்டில் ஏதாவது ஒரு வேலைக்குப் பயன்பட வேண்டும் என்று முயன்று முயன்று, அந்த உதவி இனி யாருக்கும் வேண்டாம் என்று ஆனபின் இங்கே வருகிறார். இதைச் சொல்லும்போதே உங்கள் முகங்கள் மாறுவதைப் பார்க்கிறேன். இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. படத்தில் யாரும் வில்லன் இல்லை. மகன் கெட்டவன் இல்லை, மருமகள் கெட்டவள் இல்லை, இல்லத்துப் பணியாளர்கள் இரக்கமற்றவர்கள் இல்லை. ஆனாலும் ஒரு மனுஷி தன் கடைசி வீட்டுக்குள் நுழைகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நாம் சும்மா இருக்க முடிவதில்லை. படம், முதியோரைப் பராமரிப்பவர்களுக்கான பயிற்சியில் பயன்பட்டது. ஒரு படம் திரையரங்குக்கு வெளியே ஒரு வேலை செய்ய முடியும் என்று நிறுவனம் தன் முதல் படத்திலேயே கண்டுகொண்டது.

1968இல் ‘இன்குவயரிங் நன்ஸ்’ வந்தது. இரண்டு இளம் கன்னியாஸ்திரிகள் சிகாகோவின் தெருக்களிலும் கடைகளிலும் தேவாலய வாசலிலும் எதிர்ப்படுவோரிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? பாரிசில் ஜான் ரூஷும் எட்கார் மோரினும் எடுத்து 1961இல் வெளியிட்ட படத்தின் வழி இது. எளிய கேள்விதான். ஆனால் பதில்களில் வியட்நாம் போர் மறுபடி மறுபடி வந்து நிற்கிறது. இசை பிலிப் கிளாஸ். அவர் திரைப்படத்துக்கு இசையமைத்தது அதுவே முதல்முறை.

அதே 1968இல் சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தது. போருக்கு எதிராகக் கூடியவர்களைக் காவல்துறை தெருவில் வைத்து அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பிறகு வெறுமனே உற்றுப் பார்த்தல் போதாது என்று இந்த இளைஞர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஒரு மனிதரின் துயரத்தைக் காட்டுகிறோம். அந்தத் துயரத்தை உண்டாக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று காட்டாமல் விட்டால் என்ன பயன்? எழுபதுகளில் கார்டெம்குவின் ஒரு கூட்டுக்குழுவாக மாறியது. பெண்கள் பலர் உள்ளே வந்தார்கள்: ஜென்னி ரோரர், சுசான் டேவன்போர்ட், ஜூடி ஹாஃப்மன், ஷாரன் கார்ப். 1967இல் வந்து சேர்ந்த ஜெரி புளூமெந்தால் 2014இல் மறையும்வரை குவினோடு தோளோடு தோள் நின்றார். சோஷலிசம் பேசினார்கள், பெண்ணுரிமை பேசினார்கள், இயக்குநர் என்ற பட்டத்தையே கேள்வி கேட்டார்கள். அன்றாடச் செலவுக்கு அவரவர் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் என்று வெளி வேலைக்குப் போனார்கள். கூலிக்குச் செய்யும் படத்தில் வந்த பணம் சொந்தப் படத்துக்குப் போனது. அந்த ஏற்பாட்டில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனிநிறுவனம் ஒன்று உயிரோடு இருப்பதற்கு உலகமெங்கும் இருக்கும் வழி அதுதான்.

அந்தக் காலப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘தி சிகாகோ மெட்டர்னிட்டி சென்டர் ஸ்டோரி’. 1976இல் வந்தது. சிகாகோவில் ஜோசப் டிலீ என்ற மருத்துவர் 1895இல் ஏழைப் பெண்களுக்காக ஒரு பேறுகால நிலையம் தொடங்கினார். மருத்துவரும் தாதியும் கர்ப்பிணியின் வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்ப்பார்கள். மாடிப்படி ஏறி, சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, வெந்நீர் வைத்து, குழந்தையைக் கையில் வாங்குவார்கள். 75 ஆண்டுகளுக்கு மேல் இப்படி நடந்தது. பியாட்ரிஸ் டக்கர் என்ற பெண் மருத்துவர் 1932 முதல் சுமார் 40 ஆண்டுகள் அதை நடத்தினார். எழுபதுகளின் தொடக்கத்தில், நகரின் மையத்தில் நவீனமான பெரிய மகளிர் மருத்துவமனை எழும்பும் வேளையில், இந்தச் சிறு நிலையம் மூடப்படுவதாகச் செய்தி வந்தது. பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1974இல் மூடியே விட்டார்கள்.

கார்டெம்குவின் குழுவின் பெண்கள் அந்தப் போராட்டத்துக்குள்ளிருந்தே படமெடுத்தார்கள். படத்தில் இரண்டு இழைகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் ஓர் இளம்பெண்ணின் வீட்டில் நடக்கும் பிரசவம், வலியும் வியர்வையும் சிரிப்புமாக. மறுபக்கம் அமெரிக்காவில் பிரசவம் எப்படி மருத்துவச்சியின் கையிலிருந்து மருத்துவமனையின் கைக்குப் போனது, அந்த மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுக்களில் எந்தெந்தப் பெருநிறுவனத்தார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற வரலாறு. இரண்டாவது இழையில் சில இடங்களில் குரல் உயர்ந்து பாடம் நடத்துகிறது. அது அந்தக் காலத்தின் சாயல். முதல் இழை அந்தக் குறையை மறக்கவைத்துவிடும். எந்தப் பெண்ணுக்கு எங்கே, யார் கையில் பிரசவம் நடக்க வேண்டும் என்பதை யார் முடிவுசெய்வது? நம் ஊர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் காத்திருந்த எவருக்கும் அந்தக் கேள்வி அந்நியமாக இருக்காது. நிலையத்தைப் படத்தால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் பெண்கள் அமைப்புகளும் மருத்துவப் பணியாளர்களும் அதைத் தொடர்ந்து திரையிட்டு விவாதித்தார்கள்.

தொழிற்சங்கப் படங்களை நான் விரைவாகவே கடந்து போகிறேன். அவற்றைத் தனியாகப் பேச வேண்டும். ‘டெய்லர் செயின்’ என்ற படத்தில் இந்தியானா மாநிலத்தின் ஒரு சிறு சங்கிலித் தொழிற்சாலையில் ஏழு வாரம் நடந்த வேலைநிறுத்தம். கொடியும் முழக்கமும் அதில் குறைவு. சங்கக் கூட்டத்தில் தோழர்களுக்குள்ளேயே எழும் சண்டை, சலிப்பு, பயம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ‘தி லாஸ்ட் புல்மன் கார்’ 1983இல் வந்தது. 1894இல் அமெரிக்காவையே உலுக்கிய வேலைநிறுத்தம் நடந்த அதே புல்மன் நிறுவனம்தான் இது. அதன் இரயில்பெட்டித் தொழிற்சாலை 1981இல் மூடப்படும்போது அங்கிருந்த தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் என்பது படம். இவை சங்க அலுவலகங்களில், தேவாலயக் கூடங்களில், வகுப்பறைகளில் ஓடிய படங்கள்.

இனி ‘ஹூப் டிரீம்ஸ்’. இந்த நிறுவனத்தின் பெயர் உலகுக்குத் தெரிந்தது இந்தப் படத்தால்தான். எண்பதுகளின் நடுவில் ஸ்டீவ் ஜேம்ஸ், ஃபிரெடெரிக் மார்க்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கார்டெம்குவினின் கதவைத் தட்டினார்கள். தெருவோரக் கூடைப்பந்துத் திடல் ஒன்றைப் பற்றி அரைமணி நேரப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கையில் இருந்தது இல்லினாய் கலை மன்றம் தந்த 2,500 டாலர். ஒளிப்பதிவாளர் பீட்டர் கில்பர்ட் சேர்ந்தார். திடலில் இரண்டு கறுப்பினச் சிறுவர்களைக் கண்டார்கள்: வில்லியம் கேட்ஸ், ஆர்தர் எகி. இருவருக்கும் வயது 14. இருவருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆக வேண்டும் என்ற கனவு. புறநகரில் வெள்ளையர் அதிகம் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளி ஒன்று, கூடைப்பந்துத் திறமைக்காக இருவரையும் சேர்த்துக்கொள்கிறது. தினமும் போகவர மூன்று மணிநேரப் பயணம்.

அரைமணி நேரப் படம் ஐந்தாண்டுப் படப்பிடிப்பாக நீண்டது. 250 மணி நேரக் காட்சிகள் சேர்ந்தன. படச்சுருளில் எடுத்திருந்தால் திவாலாகியிருப்பார்கள். வீடியோ நாடாவில் எடுத்ததால் பொறுத்துப் போக முடிந்தது. நடுவில் பல மாதங்கள் பணமே இல்லை. பின்னால் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2,50,000 டாலர் தந்தது. முடிந்த படம் ஏறக்குறைய 170 நிமிடம்.

அந்த ஐந்து ஆண்டுகளில் கேமரா என்ன பார்த்தது என்பதுதான் முக்கியம். எகி எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை, ஆட்டமும் சிறக்கவில்லை. குடும்பத்தால் கட்டணம் கட்ட முடியாமல் போனதும் படிப்பின் நடுவிலேயே பள்ளி அவனை வெளியே அனுப்பியது. கேட்சுக்குக் கட்டணம் கட்ட ஒரு புரவலர் கிடைத்தார். ஆனால் முழங்காலில் அடிபட்டது. எகியின் அப்பா வீட்டைவிட்டுப் போகிறார், போதைக்கு அடிமையாகிறார், திரும்பி வருகிறார். அம்மா ஷீலா வேலையிழந்து அரசு உதவித்தொகையில் குடும்பம் நடத்துகிறார். ஒரு காட்சியில் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது, இருட்டு. இன்னொரு காட்சியில் அதே ஷீலா செவிலியர் உதவியாளர் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறார். அறிவிப்பைக் கேட்டதும் அவர் அழும் அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். கூடைப்பந்துப் படம் என்று உட்கார்கிறோம்; ஒரு தாயின் கதையை, ஒரு நகரத்தின் நிற அநீதியை, பிள்ளைகளை விலைபேசும் பள்ளி விளையாட்டுச் சந்தையைப் பார்த்துவிட்டு எழுகிறோம்.

மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டுக்கு மறுபடி வருவோம். எடுப்பவர் என்ன செய்ய வேண்டும்? இருட்டைப் படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா? படக்குழு அந்த மின்கட்டணத்துக்கு உதவியது. ‘நடப்பதில் தலையிடாதே’ என்று சட்டம் பேசும் பண்டிதர்களுக்கு அது குற்றமாகத் தெரியலாம். அவர்கள் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐந்தாண்டு ஒரு குடும்பத்தின் அடுப்படிவரை வந்து உட்கார்ந்தவர் அந்த வீட்டுக்கு வேற்றாள் ஆகமாட்டார். படம் வெற்றி பெற்றபோது இரண்டு குடும்பங்களுக்கும் லாபத்தில் பங்கு கொடுத்தார்கள். படத்தில் பேசிய மற்றவர்களையும் விட்டுவிடவில்லை. ஆவணப்பட உலகில் அன்று அது வழக்கமே இல்லை.

பணத்தைவிடப் பெரிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். படத்தின் இறுதி வடிவம் உறுதியாவதற்கு முன்பே அதில் வருபவர்களுக்குப் போட்டுக் காட்டுவது இந்த நிறுவனத்தின் வழக்கம். ‘முடிவு எங்களுடையது, ஆனால் உங்கள் மனக்குறையை, உங்கள் அச்சத்தை நாங்கள் உட்கார்ந்து கேட்போம், தவறு இருந்தால் திருத்துவோம்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். இதில் ஆபத்து உண்டு. உறவு முறியலாம், படமே நின்றுபோகலாம். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு படமெடுப்பதைத்தான் நான் நேர்மை என்பேன்.

1994இல் சண்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது கிடைத்தது. விமர்சகர் ராஜர் ஈபர்ட் தொண்ணூறுகளின் மிகச் சிறந்த படம் என்று பின்னாளில் இதைத்தான் சொன்னார். ஆனால் ஆஸ்கரில் ஆவணப்படப் பிரிவின் பரிந்துரைப் பட்டியலில்கூட அது வரவில்லை. படத்தொகுப்புக்கு மட்டும் ஒரு பரிந்துரை. எழுந்த கண்டனத்தில் ஆவணப்படத் தேர்வு விதிகளையே அகாடமி மாற்ற வேண்டி வந்தது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

இதோடு ஒட்டிய ஒரு சிறு செய்தி. படத்தில் எகியின் 18ஆவது பிறந்தநாள் வருகிறது. அந்தப் பகுதியில் 18 வயதுவரை உயிரோடு இருப்பதே பெரிது என்று தாய் சொல்லும் இடம் அது. எல்லோரும் ‘ஹாப்பி பர்த்டே’ பாடுகிறார்கள். உலகமே பாடும் அந்தப் பாட்டுக்கு அன்று ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடியது. படக்குழு பணம் கட்டித்தான் அந்தக் காட்சியை வைத்துக்கொள்ள முடிந்தது. தங்கள் படம் முடிந்ததும் குவின் இதை மறந்துவிடவில்லை. வாழ்க்கையைப் படமெடுக்கும்போது வாழ்க்கையில் கேட்கும் பாட்டும் தொலைக்காட்சியும் படத்துக்குள் வரத்தான் செய்யும், எங்கே அனுமதி தேவை, எங்கே தேவையில்லை என்பதற்கு ஆவணப்படக்காரர்களே நெறிமுறை வகுக்க வேண்டும் என்று பலரோடு சேர்ந்து வேலை செய்தார். 2005இல் அந்த நெறிமுறை அறிக்கை வந்தது. அமெரிக்காவில் எத்தனையோ சிறு தயாரிப்பாளர்களை அது காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பாட்டின் உரிமைக் கோரிக்கையும் 2015இல் நீதிமன்றத்தில் விழுந்தது. அதற்கும் முன்பே, சுயேச்சையாகப் படமெடுப்பவர்களுக்குப் பொதுத் தொலைக்காட்சியில் தனி நிதி ஒதுக்க வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. அதன் விளைவாக 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் செய்தது. அந்த இயக்கத்திலும் குவின் இருந்தார். தன் படத்துக்கு மட்டும் வழி தேடிக்கொள்ளாமல் எல்லோருக்கும் பாதை போடுவதையும் ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் கடமையாக அவர் கருதினார்.

பழைய சுருள்களை இவர்கள் தூக்கி எறியவில்லை. 1963 அக்டோபர் 22 அன்று, கறுப்பினப் பிள்ளைகளை நெரிசலான பள்ளிகளில் அடைத்து வைப்பதை எதிர்த்துச் சிகாகோவில் இரண்டரை லட்சம் மாணவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. வெள்ளையர் பள்ளிகளில் இடம் காலியாக இருந்தும் கறுப்பினக் குழந்தைகளுக்காகத் தகரக் கொட்டகைபோன்ற நகரும் வகுப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார் அன்றைய கல்விக் கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸ். நிறுவனம் பிறப்பதற்கு மூன்றாண்டு முன்பு, மாணவர்களாக இருந்த குவினும் நண்பர்களும் அந்தப் புறக்கணிப்பைப் படமெடுத்தார்கள். அது அப்படியே கிடந்தது. ஐம்பது ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்து, ‘இந்தக் காட்சிகளில் நீங்கள் இருக்கிறீர்களா?’ என்று நகரத்து மக்களிடம் கேட்டார்கள். அன்று ஊர்வலம் போன சிறுவர் சிறுமியர் முதியவர்களாக வந்து தங்களை அடையாளம் காட்டினார்கள். அது 2017இல் ‘63 பாய்காட்’ என்ற படமானது. 1963ஆம் ஆண்டின் இன்னொரு சுருளில், நகரும் வகுப்பறைகளை எதிர்த்த ஆர்ப்பாட்டத்தில் காவலர் இழுத்துப் போகும் ஒரு மாணவர் இருந்தார். 2016இல் அவர் யாரென்று தெரிந்தது: அப்போது அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் நின்ற பெர்னி சாண்டர்ஸ். அவர் பெயரால் அந்தச் சுருள் செய்தியானது. எனக்கோ பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்ததுதான் பெரிய செய்தி.

பிற்காலப் படங்களில் சிலவற்றைச் சொல்லாமல் போக முடியாது. 1998இல் வந்த வியட்நாம் படத்தில் ஒரு காலத்தில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட இரு நாட்டு முன்னாள் வீரர்கள், கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் உட்பட, ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம்வரை மிதிவண்டியில் போகிறார்கள். 2004இல் ஏழு மணிநேரத் தொடராக வந்த ‘தி நியூ அமெரிக்கன்ஸ்’ குடியேறிகளைப் பற்றியது. பெங்களூரிலிருந்து கணினி வேலைக்குப் போகும் ஓர் இளம் தம்பதியின் கதையும் அதில் ஒன்று. தொண்ணூறுகளின் இறுதியில் இங்கிருந்து விமானம் ஏறிய நம் பிள்ளைகளின் முகம் அதில் தெரியும். 2011இல் ‘தி இன்டரப்டர்ஸ்’: ஒரு காலத்தில் வன்முறைக் கும்பல்களில் இருந்தவர்களே, அடுத்த கொலை விழுவதற்கு முன் நடுவில் போய் நின்று தடுக்கிறார்கள். சிகாகோவில் ஓராண்டு அவர்கள் பின்னாலேயே போய் எடுத்த படம்.

இவற்றுக்கு நடுவே ‘ஸ்டீவி’ வேறு மாதிரி. ஸ்டீவ் ஜேம்ஸ் தன் மாணவப் பருவத்தில் தொண்டராக வழிகாட்டிய ஒரு சிறுவனைப் பல ஆண்டு கழித்துத் தேடிப் போகிறார். அவன் கொடிய குற்றம் ஒன்றில் சிக்குகிறான். நான் இவனைக் கைவிட்டேனா, இப்போது இவனைப் படமெடுப்பது உதவியா சுரண்டலா என்று இயக்குநர் திரையிலேயே தன்னைக் கேட்டுக்கொள்கிறார். பார்ப்பதற்குக் கடினமான படம். சில இடங்களில் கேமராவை அணைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்வியை மறைக்காமல் வைத்த துணிவை மதிக்கிறேன்.

நிறுவனத்தின் மீது சொல்லப்படும் ஒரு விமர்சனத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவரின் வாழ்க்கையை எத்தனை காலம்தான் வெள்ளையர்களே போய் எடுத்துக்கொண்டிருப்பார்கள்? நியாயமான கேள்வி. எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கேமரா யார் கையில் என்பது முக்கியம். இதற்கு அவர்கள் தந்த பதில் செயலில் இருந்தது. வெலிங்டன் அவென்யூவில் தங்கள் நிறுவனம் இயங்கிய பழைய வீட்டின் கதவைத் திறந்து வைத்தார்கள். அங்கே வெளியார் தங்கள் படத்தின் முதல் வெட்டைக் கொண்டுவந்து காட்டி, குறை நிறை கேட்டுப் போகலாம். வெள்ளையர் அல்லாத இளம் படைப்பாளிகளுக்குத் தனிப் பயிற்சித் திட்டம் ஒன்றும் தொடங்கினார்கள். சீனத்தில் பிறந்து ராக்ஃபோர்டில் வளர்ந்த பிங் லியு அந்த வழியாக வந்தவர். அவருடைய ‘மைண்டிங் த கேப்’ 2018இல் வந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. சறுக்குப்பலகையில் ஊரைச் சுற்றும் மூன்று நண்பர்கள். மூவர் வீட்டிலும் அடி உதை. படமெடுப்பவர் தன் தாயையே கேமரா முன் உட்காரவைத்து, மாற்றாந்தந்தை தன்னை அடித்ததைப் பற்றிக் கேட்கிறார். வெளியிலிருந்து வந்த யாரும் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது. ஒரு நிறுவனம் தன் பழைய தலைமுறையின் எல்லையை உணர்ந்து அடுத்தவர் கையில் கேமராவைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே கேமரா மலிந்துவிட்டது. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் படமெடுத்து ஆறாவது நிமிடமே உலகுக்கு அனுப்பிவிடுகிறோம். துப்புரவுப் பணியாளரின் துயரமும், மீனவரின் துயரமும், பட்டாசு ஆலை விபத்தில் பிள்ளையை இழந்த தாயின் துயரமும் நமக்குக் காட்சிகளாகக் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. எடுத்தவர் விருது வாங்குகிறார், ஊர் ஊராகப் போகிறார். அந்தத் தாய் அந்தப் படத்தைப் பார்த்தாரா? அவர் வீட்டுக்கு மறுபடி யாராவது போனார்களா? அவர் பங்கு என்ன?

எனவே படமெடுக்கும் தம்பி தங்கைகளிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் அடுத்த படத்தின் முதல் திரையிடலை விழாவுக்குக் கொடுக்காதீர்கள். அதில் பேசியவர்களின் தெருவில், அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள். ஒரு ரூபாய் வந்தாலும் அதில் அவர்கள் பங்கை எழுதி வையுங்கள். வெட்டியெடுத்த காட்சிகளையும் அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். திரைப்படச் சங்கம் நடத்தும் பெரியவர்களிடம் இன்னொன்று கேட்கிறேன்: ‘ஹூப் டிரீம்ஸ்’ படத்தை எங்காவது முறையாக உரிமை பெற்று முழுமையாகத் திரையிடுங்கள், பக்கத்து அரசுப் பள்ளியில் கபடியும் கூடைப்பந்தும் ஆடும் பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.